ஆறு நாள் வாரம்

ஜூலை 3, புதன்

எங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒரு பாடவேளை வந்திருக்கிறது. பெயர் ‘சுய மேலாண்மையும் தனிநபர் நலமும்’. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பாடவேளை போய்விடும். வணிகவியல் பிரிவுக்கு மட்டும்தானாம். அறிவியல் பிரிவுக்காரர்கள் தங்களைத் தாங்களே மேய்த்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

நடத்த வந்தவர் வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர். வந்ததும் நாற்பத்தொரு பேரையும் கண்ணை மூடச் சொன்னார். இழுங்கள், நான்கு எண்ணுங்கள், விடுங்கள். பதினேழு வருடமாக நான் யாரும் சொல்லித் தராமலேயே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். மணி அடிப்பதற்குள் வானொலி அவருக்கு ‘மூச்சு மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டான். வானொலி என்பவன் கடைசி பெஞ்ச். விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒலிபரப்பு.

ஆளுக்கொரு ‘நல ஏடு’ கொடுத்தார்கள். தினமும் நிரப்ப வேண்டும். எத்தனை மணி நேரம் தூக்கம், எத்தனை டம்ளர் தண்ணீர், கோபம் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை, இன்று யாருக்கு நன்றி. நான்கு கட்டங்களில் ஒரு மனுஷியை அடக்கிவிட முடியும் என்று யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு யோசித்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் மட்டும் மூன்று எழுத்துப் பிழைகள். பென்சிலால் வட்டம் போட்டு வைத்தேன்.

தூக்கிப் போட்டிருப்பேன். முடியாது. வணிகவியல் சார் கடைசிப் பாடவேளையில் சொன்னதுதான் காரணம். பருவ விடுமுறையில் ஒரு கல்லூரியில் நான்கு வாரப் பயிற்சி, அங்கேயே விடுதி. பள்ளிக்கு ஒரே ஓர் இடம். ஒரு பொருளைச் செய்து விற்க எங்கள் வகுப்பு நடத்தப்போகும் பயிற்சி நிறுவனத்தில் யார் நன்றாக வேலை செய்கிறார்களோ அவர்களுக்கு. கூடவே நல ஏட்டில் மூச்சு மேடத்தின் கையெழுத்தும் வேண்டும்.

விளம்பரத் தாளில் அந்தக் கல்லூரி நூலகத்தின் படம் இருந்தது. இரண்டு மாடி. ஜன்னல் ஓரமாக ஒற்றை மேசைகள், ஒரு மேசைக்கு ஒரு நாற்காலி.

எனக்கு அந்த இடம் வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

எங்கள் வீட்டில் ஒரே மேசை. காலையில் அம்மா தையல் ஆலைக்குக் கிளம்பும் வரை அதில் துணி தேய்ப்பாள். பகலில் அக்கா அதன் மேல் காலைத் தூக்கிப் போட்டுத் தூங்குவாள். தொலைபேசியில் பதில் சொல்லும் அலுவலகத்தில் அவளுக்கு இரவு முறை. மாலையில் அம்மா வீட்டுக்கு எடுத்துவரும் தையல். அது என் மேசையாக இருப்பது விடியற்காலை நான்கிலிருந்து ஆறு வரைதான்.

ஆகவே நான்கு மணிக்கு எழுகிறேன். இதுதான் சுய மேலாண்மை. இதற்கு ஒரு மேடம் எதற்கு?

ஜூலை 8, திங்கள்

பயிற்சி நிறுவனத்துக்கு நான் மேலாளர். ஓட்டெடுப்பு இல்லை, வேறு யாரும் கை தூக்கவில்லை. கை தூக்காதவர்கள் நிறைந்த வகுப்பை ஆள்வதில் பெருமை ஒன்றுமில்லை, ஆனாலும் பெருமையாகத்தான் இருக்கிறது.

என்ன பொருள் தயாரிப்பது என்று ஒரு மணி நேரம் பேச்சு. வானொலி சாவிக்கொத்து என்றான். ஓவியை (முன் பெஞ்ச், எல்லாப் புத்தகத்திலும் கண் வரைவாள்) வாழ்த்து அட்டை என்றாள். சார்தான் முடித்துவைத்தார். மாணவர்களுக்கான பன்னிரண்டு வாரத் திட்டக் குறிப்பேடு. தினமும் செய்ய வேண்டியதை எழுத ஒரு கட்டம், கூடவே உடல்நலம், மனநலம் பற்றி ஒரு வரி. பெயர் ‘நாளும் நலமும்’. மூச்சு மேடத்தின் காற்று சார் மேலும் அடித்துவிட்டது.

அந்த வரிகளை எழுதும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். பக்க அமைப்பையும். பிழை திருத்தத்தையும். தட்டச்சு மட்டும் ஆமைக்கு.

ஆமை என் பெஞ்ச். ஆறாம் வகுப்பிலிருந்து. சாப்பிடுவது, நடப்பது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாமே நிதானம். மேலாளராக நான் பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு, அரை நிமிடம் கழித்து, “எல்லாத்தையும் நீயே பண்ணுனா நாங்க எதுக்குடி இருக்கோம்?” என்றாள். “கை தட்ட” என்றேன். சிரித்தாள். நான் முழுக்க வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஜூலை 10, புதன்

இன்று சுவரில் ஒரு மரம் ஒட்டினார்கள். நன்றி மரம். ஆளுக்கொரு காகித இலை. யாருக்கு நன்றி சொல்கிறோமோ எழுதி ஒட்ட வேண்டும். முப்பத்தாறு இலைகளில் ‘என் பெற்றோருக்கு’. ஒரே கையெழுத்தில் நான்கு. வானொலி, ‘மணி அடிக்கும் அண்ணனுக்கு’ என்று எழுதினான். அந்த மரத்தில் அது ஒன்றுதான் உண்மையான இலை.

நான் ‘அமைதிக்கு’ என்று எழுதினேன். மேடம் அதைப் படித்து உருகிவிட்டார். நான் சொன்னது அவர் பேசி முடித்த பிறகு வரும் அமைதியை.

ஜூலை 13, சனி

நல ஏடு: தூக்கம் எட்டு. நிஜம்: நாலரை. ஏட்டுக்கு எட்டுதான் பிடித்திருக்கிறது.

ஜூலை 24, புதன்

ஏட்டை இப்போது வாரத்துக்கு ஒருமுறை, மேடம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு மொத்தமாக நிரப்புகிறேன். வகுப்பே அப்படித்தான். நீலப் பேனா, கருப்புப் பேனா மாற்றி மாற்றி எழுதினால் வெவ்வேறு நாளில் எழுதியது போல இருக்கும் என்பது ஓவியையின் கண்டுபிடிப்பு. வானொலி ஒரு வாரம் முழுக்கத் தூக்கம் இருபத்துநான்கு என்று போட்டான். மேடம் அதையும் பார்த்து டிக் அடித்தார்.

பார்க்காமல் அடிக்கும் டிக்குக்கு இத்தனை பேரின் நேரம்.

ஜூலை 27, சனி

பக்க அமைப்பு முடிந்தது. வகுப்புச் சுவரில் இருக்கும் கால அட்டவணை எதிரிலேயே இருந்ததால் அதைப் பார்த்தே கட்டம் போட்டேன். ஸ்கேல், பென்சில், பிசகில்லாத கோடுகள். பன்னிரண்டு வாரத்துக்கு எழுபத்திரண்டு வரிகள் எழுத வேண்டும். இன்று விடியற்காலை இருபது எழுதினேன்.

‘உடல் கேட்கும்போது ஓய்வு கொடுங்கள், அது கடன் அல்ல, உரிமை.’ இதை எழுதும்போது கண் எரிந்து, பைப்பில் தண்ணீர் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டு வந்து மீண்டும் உட்கார்ந்தேன். நல்ல வரி. சார் வகுப்பில் படித்துக் காட்டினார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அம்மா தலை சீவிவிட்டாள். சீப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு, “இப்படிக் கொட்டுதே, என்னடி பண்ற தலைய?” என்றாள். யோசிக்கிறேன் என்றேன். “கொஞ்சம் கம்மியா யோசி” என்று முடியைச் சுருட்டி ஜன்னல் வழியே போட்டாள்.

பேருந்தில் தூங்கிவிட்டேன். மூன்று நிறுத்தம் தாண்டி நடத்துநர் எழுப்பினார். தாமதமாகப் போய் வெளியே நின்றேன். மதியம் சாப்பாட்டைத் திறந்ததும் குமட்டியது, மூடிவிட்டேன். தேர்வு பயத்தில் வாந்தி எடுப்பவர்களைப் பார்த்து நான் எவ்வளவு சிரித்திருக்கிறேன். எனக்குப் பயம் ஒன்றுமில்லை. இது வெயில்.

ஆகஸ்ட் 7, புதன்

மூச்சு மேடத்தைச் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் பார்த்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டார், டப்பாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. ஐந்து வாய். மூடிவிட்டார். ஒரு நாளைக்கு நான்கு பள்ளிகள் என்று காவலாளி சொன்னார். பத்து நிமிடம் முன்புதான் எங்களிடம், உட்கார்ந்து, மென்று, ருசித்து உண்ணச் சொல்லியிருந்தார்.

இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். ஆமை சிரிக்கவில்லை. “பாவம்டி” என்றாள். அவளுக்கு எல்லோருமே பாவம்.

கணினி அறையில் அவளோடு இன்னொரு சண்டையும். சண்டைகூட இல்லை. தட்டச்சு செய்துகொண்டே கட்டத்தைப் பற்றி ஏதோ கேட்க வந்தாள். வழக்கம்போல நிதானமாக ஆரம்பித்தாள், வாக்கியம் முடிவதற்குள் அச்சகம் மூடிவிடும். “அடிக்கிறது உன் வேல, யோசிக்கிறது என் வேல. எழுதினத அப்படியே அடி” என்றேன். அவள் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்படியே அடித்தாள்.

வேலை நடந்தது. மேலாளர் என்றால் அதுதானே.

ஆகஸ்ட் 10, சனி

பிழை திருத்தம் முடித்தேன். எழுபத்திரண்டு வரியிலும் ஓர் ஒற்றுப் பிழை கிடையாது. ஆமை, “நானும் ஒரு தடவ பாத்துடறேனே” என்றாள். வேண்டாம் என்று நேரே அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். இருநூறு பிரதிகள்.

ஆகஸ்ட் 17, சனி

வந்துவிட்டது! நான்கு கட்டுகள். அட்டையில் ஓவியை வரைந்த ஜன்னல். உள்ளே முதல் பக்கத்தில், ‘வரிகள், அமைப்பு, பிழை திருத்தம்’ என்று என்னைப் பற்றிய குறிப்பு. தட்டச்சுக்கு ஆமையின் பெயர், சிறிய எழுத்தில். சார் முதுகில் தட்டினார். பள்ளிகளுக்கிடையிலான கண்காட்சி 31ஆம் தேதி. கல்லூரிக்கு அனுப்பும் பெயரை அடுத்த வாரம் எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பார்த்தார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அக்காவிடம் காட்டினேன். தலை துவட்டிக்கொண்டே புரட்டினாள். முன்னால் போனாள், பின்னால் வந்தாள். மறுபடி முன்னால்.

“ஞாயித்துக்கெழம எங்கடி?”

எந்த ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

“எந்த ஞாயித்துக்கெழமயுமே இல்ல. திங்கள்ள ஆரம்பிச்சு சனியில முடியுது, அடுத்த பக்கம் திரும்பவும் திங்கள். பரவால்லயே. எங்க ஆபீஸ்காரன்கூட இவ்ளோ தைரியமா பண்ணல.”

பிறகு ஓய்வு பற்றிய என் வரியை உரக்கப் படித்துவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மா எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டாள். “உன் பொண்ணு வாரத்துல ஒரு நாள மிச்சம் புடிச்சிட்டாம்மா” என்றாள்.

பன்னிரண்டு பெருக்கல் ஏழு எண்பத்துநான்கு. எனக்கு வாய்ப்பாடு தெரியாதா? எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு என்று மூன்று வாரமாக நானே எழுதியிருக்கிறேன், இதே நோட்டில், பெருமையாக. கால அட்டவணையில் ஆறு நாள். பார்த்தேன், போட்டேன். ஒரு தடவைகூடத் தோணலையே. ஞாயிறு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கும் நான்கு மணிக்கு எழுகிறேன், அன்றைக்கும் எழுதுகிறேன், எனக்கு அது என்ன தனி நாளா?

கணினி அறையில் ஆமை கேட்க வந்தது இப்போது முழுசாகக் காதில் விழுகிறது. “வாரத்துக்கு ஆறு கட்டம்...”

ஆகஸ்ட் 19, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

சாரிடம் நானே சொல்லத்தான் போனேன். அதற்குள் வானொலி ஒலிபரப்பிவிட்டான். சார் ஒரு பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். யார் தட்டச்சு செய்தது என்றார். அதைத்தான் முதலில் கேட்டார். ஆமை எழுந்து நின்றாள்.

“ஒரு நாளையே காணோம். கண்ணு எங்கம்மா இருந்துச்சு? பாத்துப் பாத்துத்தானே அடிக்கிற, ஊரே தூங்கி எழுந்துடும், அப்படியும் இந்த லட்சணமா?”

வகுப்பு சிரித்தது. ஆமை என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. அவளுக்கு எல்லாமே மெதுவாகத்தான் வரும், அந்தப் பார்வை மட்டும் சட்டென்று வந்து சட்டென்று போனது. பிறகு தரையைப் பார்த்தாள்.

நான் வாயத் தொறக்கல.

ஏன் தொறக்கல? சார் மூச்சு விடாம பேசிட்டே இருந்தாரு, நடுவுல எப்படிப் பேசுறது? பொய். இடம் இருந்துச்சு. அவர் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு, அது போதும். அந்த ரெண்டு மாடி நூலகம் கண்ணுக்கு முன்னால நின்னுச்சு, அவ்வளவுதான். மத்ததெல்லாம் சாக்கு.

இனி நிறுவன வேலையில் ஆமை இல்லை என்றார். செய்முறை மதிப்பெண்ணும் இல்லை. பிழையை எப்படிச் சரிசெய்வது என்று மேலாளர் யோசிக்கட்டும் என்றார். யோசிக்கிறதுதான் என் வேலையாயிற்றே.

மதியத்துக்கு மேல் ஆமை மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அச்சகத்தில் கேட்டேன். வினாத்தாள் வேலை நிறைய இருக்கிறது, மாதம் முடியும் வரை இயந்திரம் காலி இல்லை என்றார் அச்சக அண்ணன். “ஏம்மா, ஏழு நாள்னு ஒண்ணாங்கிளாஸ் புள்ளகூட சொல்லுமே” என்றும் சொன்னார். ஆமாம் அண்ணே என்று வந்துவிட்டேன்.

ஒவ்வொரு வாரத்தின் கீழேயும் இரண்டு விரல் அகலம் வெற்றிடம் இருக்கிறது. அதில் கையால் கட்டம் போட்டு எழுதிவிடலாம். யாரையும் கேட்க வேண்டாம், யார் முகத்திலும் விழிக்க வேண்டாம். பள்ளி முடிந்து வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். இருட்டுவதற்குள் ஒன்பது பிரதிகள். ஐந்தாவதிலிருந்தே எழுத்து சரிகிறது. ஒன்பதாவதில் ஒரு வாரத்துக்கு ‘ஞாயிறு’க்குப் பதில் ‘திங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். இன்னும் நூற்றுத் தொண்ணூற்றொன்று.

ஆகஸ்ட் 21, புதன்

இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சொல்லவே வேண்டாம், நாற்பது பேரும் பார்த்தார்கள்.

மூச்சு மேடம் வழக்கம்போலக் கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். இழுங்கள் என்றது கேட்டது. விடுங்கள் என்றது கேட்கவில்லை. விழித்தபோது வகுப்பில் ஒருவரும் இல்லை. கன்னத்தில் பெஞ்சின் விளிம்பு அச்சாகப் பதிந்திருந்தது. இரண்டு பாடவேளை போயிருந்தது. எல்லோரையும் கணினி அறைக்கு மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். மேடம் மட்டும் மேசையில் உட்கார்ந்து ஏதோ படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.

எழுப்பியிருக்கலாமே என்றேன், கோபமாக. எழுப்பிப் பார்த்தோம் என்றார்.

அவர் முன்னால் என் நல ஏடு விரிந்திருந்தது. ஏழு வாரத்தையும் புரட்டியிருக்கிறார். முதல் பக்கத்தில் நான் வட்டம் போட்ட பிழைகள் வரை.

“நாப்பத்தொம்பது நாளும் எட்டு மணி நேரம். எனக்கு என் வாழ்க்கையிலயே அப்படி ஒரு வாரம் வந்ததில்லம்மா.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் பதில் சொல்லத் தயாராகவும் இருந்தேன், சைக்கிள் கொட்டகை உட்பட. அவர் பேனாவை எடுத்து ஏழு வாரத்துக்கும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்.

பொய்யென்று தெரிந்தும் ஏன் போடுகிறீர்கள் என்றேன்.

“எனக்கு மேல ஒருத்தர் இருக்காரு. அவருக்கு எட்டுதான் வேணும். நீங்க அஞ்சுன்னு எழுதுனா நான் எதுவும் சொல்லித் தரலன்னு ஆயிடும்.” ஏட்டை மூடி என்னிடம் நீட்டினார். “பயிற்சிக்குக் கேட்டாங்கல்ல, கையெழுத்து? இந்தா.”

வாங்கிக்கொண்டேன். அடுத்த பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார், செருப்பின் வாரைக்கூட மாட்டாமல்.

படியில் உட்கார்ந்து அவரை மனசார இகழ்ந்தேன். இதுவும் ஒரு வேலையா, இதுவும் ஓர் ஆளா, தெரிந்தே பொய்க்குக் கீழே பெயரெழுதிக்கொடுத்துவிட்டு... அங்கேயே நின்றுவிட்டது. அவராவது என்னிடம் சொல்லிவிட்டுப் போட்டார். நான் திங்கட்கிழமை வாயை மூடிக்கொண்டு போட்டதும் கையெழுத்துதான். ஆமையின் பேருக்குக் கீழே.

எனக்கு என்னையே பிடிக்கவில்லை. ஏட்டில் இதற்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை?

ஆகஸ்ட் 22, வியாழன்

நான் பென்சிலில் வரைந்த பக்க அமைப்புத் தாளை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். ஆறு கட்டம், என் கோடு, என் கையெழுத்து. ஆமை கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். “யோசிக்கிறது என் வேல” என்பதைச் சொல்லும்போது ஆசிரியர் அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், குரலைக் குறைக்கவில்லை. குறைத்தால் மறைப்பது மறுபடி ஆரம்பித்துவிடும்.

சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தப்பு யாருக்கும் வரும். திங்கக்கெழம அவள நிக்க வெச்சுப் பேசினேன், நீ உக்காந்திருந்த. இன்னைக்கு வியாழக்கெழம” என்றார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். என் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. அதை அப்படியே மடித்து வேறு கோப்பில் வைத்துவிட்டு, புதுப் படிவம் ஒன்றை மேசை மேல் வைத்தார். வெற்றுப் படிவம்.

வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லச் சொன்னார். சொன்னேன். வானொலிகூட வாயை மூடிக்கொண்டிருந்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

மதியம் மூன்றாவது பெஞ்சுக்குப் போய், மன்னித்துவிடு என்றேன். ஆமை டப்பாவை மூடினாள், துடைத்தாள், பையில் வைத்தாள், பையை மூடினாள்.

“மூணு நாளா எங்க வீட்ல யாரோடயும் நான் பேசலடி. என்னன்னு கேட்டாங்க. தப்பா டைப் பண்ணிட்டேன்னு சொல்லிட்டேன். உன்னச் சொல்ல வாய் வரல.” பையைத் தள்ளி வைத்துவிட்டு, “எனக்கு உன் மேல இன்னும் கோவம் இருக்கு. போகும்போது போகும்” என்றாள். பிறகு, “அந்தக் கட்டெல்லாம் எங்க வெச்சிருக்க?” என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 24, சனி

முத்திரை என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? ஆமை நேற்றே கடைவீதியில் சொல்லி, ‘ஞாயிறு’ என்று ஒரு ரப்பர் முத்திரை செய்து வாங்கிவிட்டாள். கீழே ஒரு வெற்றுக் கட்டம். எழுத்துகூட அச்செழுத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது. என் ஒன்பது பிரதிகளைப் பார்த்துவிட்டுத் தனியே எடுத்து வைத்தாள்.

இன்று கணினி அறையில் தரையில் உட்கார்ந்தோம். சார் இப்போது அவளைத்தான் பொறுப்பில் வைத்திருக்கிறார். ஒருவர் பக்கம் பிரிப்பது, ஒருவர் குத்துவது, ஒருவர் மை காயும் வரை விசிறுவது, ஒருவர் அடுக்குவது. ஐம்பது பிரதிக்கு ஒருமுறை எல்லோரும் எழுந்து கை கால் நீட்ட வேண்டும், அவரவர் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்குப் பக்கம் பிரிக்கும் வேலை.

வானொலி, “மேனேஜரம்மா பக்கத்த நல்லாத் திருப்புறாங்க. அனுபவம் தெரியுது” என்றான். ஓவியை மை படிந்த விரலால் அவன் மூக்கில் ஞாயிறு வைத்தாள். ஐம்பதாவது பிரதியில் நான் எழுந்திருக்காமல் ஐம்பத்தொன்றைப் பிரித்தேன். ஆமை அதை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். “எந்திரி” என்றாள். எழுந்தேன். முட்டி சொடக்கு விட்டது. இந்த வேகத்தில் போனால் முடியாது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

நாலே காலுக்கு முடிந்தது. சில முத்திரை கோணல். அதை விட்டுவிடச் சொன்னாள். விட்டுவிட்டேன், கஷ்டப்பட்டு.

ஆகஸ்ட் 28, புதன்

நல ஏடு. தூக்கம்: ஐந்து என்று எழுதினேன். மேடம் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிக் அடித்தார். ஐந்தை எட்டாகத் திருத்துவார் என்று பந்தயம் கட்டியிருந்தேன், என்னோடேயே. தோற்றேன்.

அதற்காக நன்றி மரத்தில் இலை ஒட்டிவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். இன்று அவர் எங்களை நாங்களே கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொன்னார். நாற்பத்தொரு பேர் குளிரில் நிற்பது போல நின்றோம்.

ஆகஸ்ட் 31, சனி

கண்காட்சி. நூற்று முப்பது பிரதிகள் விற்றன. மூன்றாம் இடம். முதல் பரிசு சாவிக்கொத்து செய்த பள்ளிக்கு! வானொலி அதை வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

ஒரு செவிலியர் வாங்கும்போது, ஞாயிறு மட்டும் ஏன் முத்திரையாக இருக்கிறது என்று கேட்டார். ஆமை வாய் திறக்க அரை நிமிடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மறந்துட்டேங்க, அப்புறம் சேர்த்தோம் என்றேன்.

செப்டம்பர் 4, புதன்

அறிவிப்புப் பலகை. பயிற்சிக்கு ஆமை.

எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தால் வலிக்காது என்று யார் சொன்னார்கள்? கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவளுக்கு நூலகமே பிடிக்காதே! ஒரு புத்தகத்தை மூன்று மாதம் படிப்பாள். அந்த ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து அவள் என்ன செய்யப்போகிறாள்? என்ன வேணா செய்யட்டும். அவ இடம். முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் கை கொடுத்தேன். அவள் கை எப்போதும்போல மெதுவாக இறுக்கியது.

செப்டம்பர் 21, சனி

ஆமையை வழியனுப்பப் பேருந்து நிலையம் போனேன். அவள் அப்பா, அம்மா, தம்பி, இரண்டு சித்தி. பெட்டியின் ஒரு பக்கப் பிடியை நான் பிடித்துக்கொண்டேன். அவள் அம்மாவுக்கு இப்போது எல்லாம் தெரியும். “வாம்மா” என்றார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக. சரிதான்.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஆமை, “கடுதாசி போடறேன்னெல்லாம் சொல்ல மாட்டேன். போட்டா போடுவேன்” என்றாள். எனக்கு என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டாள். பதினோரு பெயர் இருந்த பட்டியல் என் பையில் இருந்தது. ஒன்று சொன்னேன். அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள், ஒவ்வோர் எழுத்தாக. எழுதி முடிப்பதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.

பொறாமையாக இருக்கிறது. இன்னும் இருக்கிறது. திரும்பும் வழி முழுக்கக் கூடவே நடந்து வந்தது.

வீட்டுக்கு வந்தபோது பகல் ஒரு மணி. மேசை காலியாக இருந்தது. அம்மா ஆலையிலிருந்து வரவில்லை, அக்கா கடைக்குப் போயிருந்தாள். உட்கார்ந்து பாடப் புத்தகத்தைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டுப் பாயை விரித்தேன். எழுந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள், அம்மா மேசையில் தைத்துக்கொண்டிருந்தாள், என் மேல் அக்காவின் போர்வை கிடந்தது. யாரும் எழுப்பவில்லை.

“எவ்ளோ நேரம் தூங்கினேன்னு தெரியுமாடி?” என்றாள் அக்கா, வேலைக்குக் கிளம்பிக்கொண்டே.

தெரியாது என்றேன். படுக்கும்போது மணி பார்க்கவில்லை.